கோயில் இல்லாத ஊர்ல எதுக்கு ரெண்டு மணி நேரம்?





யாத்திரை பட்டியலை வாட்ஸ்அப் குழுவுல போட்ட நாள்ல இருந்து ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருது. காஞ்சிபுரம் சரி, வேலூர் ஸ்ரீபுரம் தங்கக்கோயில் சரி, கோடிலிங்கேஸ்வரர் சரி. நடுவுல கோலார் தங்கவயல்னு போட்டு ரெண்டு மணி நேரம் ஒதுக்கியிருக்கீங்களே, அது எதுக்கு? சுரங்கம்தான் மூடிக் கிடக்கே, அங்க என்ன இருக்கு? அந்த நேரத்தைக் காஞ்சிபுரத்துல கொடுத்தா சேலையாவது எடுக்கலாமேன்னு கேக்கிறாங்க.

நியாயமான கேள்விதான். காசு கட்டி வர்றவங்க கேக்கத்தான் செய்வாங்க. வாட்ஸ்அப்ல ரெண்டு வரியில பதில் போட்டா சண்டை மாதிரி ஆயிடும். அதனால இங்க கொஞ்சம் விரிவா எழுதுறோம். பொறுமையா படிங்க. படிச்சிட்டு வேண்டாம்னு தோணினா அதையும் சொல்லுங்க.

முதல்ல நேரக் கணக்கு. எங்க தொண்டர் குழுவுல பாதிப் பேர் பேக்டரி ஆளுங்க, ஷிப்டு கணக்குப் பார்த்தே பழகினவங்க. காலையில ஸ்ரீபுரத்துல தரிசனம் முடிச்சிட்டு கிளம்பினா தங்கவயல் போய்ச் சேர மதியம் ஆயிடும். அந்தப் பக்கம் கோயில்கள்ல மதியம் பொதுவா நடை சாத்திடுவாங்க, சாயங்காலம்தான் திறப்பாங்க. அந்த நேரத்துல நாம எப்படியும் எங்கயாவது சாப்பிட்டு உக்காந்துதான் ஆகணும். ஹைவே ஓரத்துல ஏதோ ஒரு ஓட்டல்ல உக்கார்றதுக்குப் பதிலா தங்கவயல்ல உக்காரலாம்னுதான் போட்டிருக்கோம். ஒரு சாமி தரிசனமும் இதனால குறையாது. கோடிலிங்கேஸ்வரர் கோயில் இருக்கிற கம்மசந்திரா அங்க இருந்து சில கிலோமீட்டர்தான். 108 அடி லிங்கத்தையும் 35 அடி நந்தியையும் வெயில் தணிஞ்ச பிறகு நிம்மதியா நின்னு பார்க்கலாம். வயசானவங்களுக்கும் அதுதான் நல்லது.

நேரம் மிச்சமாகுதுங்கிறதுக்காக மட்டும் இதைப் போடல. இனிமே சொல்றதுதான் முக்கியமான காரணம்.

நம்ம பஸ் போற வழியைப் பாருங்க. காஞ்சிபுரம், வேலூர், அங்க இருந்து மேற்கால ஏறி கோலார். இது பாலாறு ஓடி வர்ற வழி. நந்தி மலைப் பக்கம் பிறந்து, கோலார் மாவட்டம் பேத்தமங்கலம் வழியா இறங்கி, வேலூரைத் தொட்டு, காஞ்சிபுரம் பக்கமா கடலுக்குப் போகுது. நாம அந்த ஆத்தை எதிர்த்து மேல போறோம். நூறு நூத்தி நாப்பது வருஷத்துக்கு முன்னால ஆயிரக்கணக்கான தமிழ் சனங்க இப்படித்தான் மேல போனாங்க. அவங்க போனது சாமி கும்பிட இல்ல, பொழப்புக்கு.

தங்கவயல் கதையைச் சுருக்கமா சொல்றோம். அந்த மண்ணுல தங்கம் இருக்குன்னு அந்த ஊர்க்காரங்களுக்கு ரொம்ப காலமாவே தெரியும். 1802ல ஜான் வாரன்னு ஒரு வெள்ளைக்கார சர்வேயர் அதைக் கேள்விப்பட்டு, காட்டுறவங்களுக்கு வெகுமதின்னு சொன்னார். ஊரிகம் கிராமத்து ஆளுங்க மாட்டு வண்டியில மண்ணு கொண்டு வந்து அவர் கண்ணு முன்னாலேயே அலசித் தங்கத் துகளைக் காட்டினாங்க. எழுபது வருஷம் கழிச்சி மைக்கேல் லாவெல்னு ஓய்வு பெற்ற ஒரு ஐரிஷ் சிப்பாய் அந்தப் பழைய அறிக்கையைப் படிச்சிட்டு மாட்டு வண்டி ஏறி வந்தார். மைசூர் அரசாங்கத்துக்கிட்ட தோண்ட அனுமதி வாங்கினார். அவரால தாக்குப்பிடிக்க முடியல. 1880ல ஜான் டெய்லர் கம்பெனி உள்ள வந்த பிறகுதான் ஊரே மாறிப்போச்சு.

1902ல காவேரி ஆத்து சிவசமுத்திரத்துல மின்சாரம் எடுத்து, சுமார் 148 கிலோமீட்டர் கம்பி இழுத்து அந்தச் சுரங்கத்துக்குக் கொண்டு வந்தாங்க. அந்தக் காலத்துல உலகத்துலேயே நீளமான மின்கம்பிகள்ல அதுவும் ஒன்னு. வெள்ளைக்காரங்களுக்கு பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம் எல்லாம் வந்துச்சு. குளிர்ச்சியான இடம்ங்கிறதால குட்டி இங்கிலாந்துன்னே பேர் வச்சாங்க.

குட்டி இங்கிலாந்துக்குக் கீழ நின்னு வேலை பார்த்தது யாரு? வட ஆர்க்காடு, சேலம், தர்மபுரிப் பக்கத்துத் தமிழ் சனங்கதான் அதுல பெரும்பகுதி. உச்சத்துல சுமார் 30,000 பேர் வேலை செஞ்சிருக்காங்க. குடும்பத்தோட இருந்தது மூங்கில் தட்டி அடிச்ச குடிசை வரிசையில. அதுக்கு அங்க லைன்னு பேரு. நம்ம தோட்டத்துல அதைத்தான் லயம்னு சொன்னோம். வரிசை வீடு, பொதுக் குழாய், காலையில பெரட்டு, கங்காணி. எல்லாம் கேட்ட மாதிரி இருக்கில்ல?

இப்ப நாம நின்னு யோசிக்க வேண்டிய இடம் இதுதான். நம்ம பாட்டன் பூட்டன் கப்பல் ஏறின காலமும் அதே காலம். புறப்பட்ட மாவட்டங்கள்லயும் சிலது அதே மாவட்டங்கள்தான். பஞ்சம், கடன், சாதிக் கொடுமை. வீட்டை விட்டுக் கிளப்பின காரணமும் ஒன்னுதான். ஒருத்தன் நாகப்பட்டினத்துக்கோ மெட்ராசுக்கோ போய் கப்பல் ஏறினான். இன்னொருத்தன் மேற்கால நடந்து சுரங்கத்துக்குள்ள இறங்கினான். நாம கித்தா மரத்துக்கு வந்த கிளை. அவங்க தங்கத்துக்குப் போன கிளை. வேரு ஒன்னு.

ஆழம் எவ்வளவுன்னு சொன்னா நம்ப மாட்டீங்க. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3.2 கிலோமீட்டர் கீழ போகுது. உலகத்துலேயே ரொம்ப ஆழமான சுரங்கங்கள்ல ஒன்னு. நம்ம லேடாங் மலை 1,276 மீட்டர். ரெண்டரை லேடாங் மலையைத் தலைகீழா நிறுத்தினா எவ்வளவு வருமோ, அவ்வளவு தூரம் மனுசன் கூண்டுல நின்னு இறங்கிப் போயிருக்கான். அந்த ஆழத்துல பாறையைத் தொட்டா சுடும். காத்தைக் குளுர வச்சி மேல இருந்து அனுப்பினாத்தான் ஆள் நிக்க முடியும். பாறையோட அழுத்தம் தாங்காம திடீர்னு சுவர் வெடிச்சி ஆளை மூடிடும். வெடிக்காத நாள்ல கல்லுத் தூசி நெஞ்சுல இறங்கும். அந்த நோய் வந்தவங்க படியேற முடியாம மூச்சு வாங்கியே போய்ச் சேர்ந்தாங்க. நாங்க பேக்டரியில காதுக்கு அடைப்பான், வாய்க்கு முகமூடி போடலைன்னா ஆளை லைன்ல நிக்கவே விட மாட்டோம். அந்தக் கண்ணோட பார்க்கிறவங்களுக்கு இதைக் கேட்டா வயித்தைப் பிசையும்.

அந்த ஆழத்துல இன்னொன்னும் நடந்துச்சு. 1965ல அதே சுரங்கத்துல, ரெண்டு கிலோமீட்டருக்கும் கீழ கருவி வச்சி, வானத்துல இருந்து வந்து பூமியையே துளைச்சிப் போற நியூட்ரினோன்னு சொல்ற நுண்துகளைப் பிடிச்சிக் காட்டினாங்க விஞ்ஞானிங்க. இயற்கையா வர்ற அந்தத் துகளை உலகம் முதல் முதலா கண்டுபிடிச்ச ரெண்டு இடத்துல அது ஒன்னு. நம்ம பிள்ளைங்க பாடப் புத்தகத்துல படிக்கிற விசயம். அந்தப் பள்ளத்தைத் தோண்டினது நம்ம சனங்க கை.

120 வருஷத்துல அங்க எடுத்த தங்கம் 800 டன்னுக்கு மேல. ஸ்ரீபுரம் தங்கக்கோயிலுக்கு 1,500 கிலோ தங்கம் போட்டதா சொல்றாங்க. கணக்குப் போட்டுப் பாருங்க. ஸ்ரீபுரம் மாதிரி 500 கோயிலுக்கு மேல கட்டலாம். ஸ்ரீபுரத்துல நட்சத்திரப் பாதையில ஒரு மணி நேரம் நடந்து, வரிசையில நின்னு அந்தத் தங்கத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடப் போறோம். கும்பிடணும், தப்பே இல்ல. மகாலட்சுமி குடியிருக்கிற இடம். ஆனா தங்கத்தைப் பார்க்க ஒரு மணி நேரம் நடக்கிற நாம, தங்கத்தை எடுத்தவன் ஊருக்கு ரெண்டு மணி நேரம் கொடுக்க யோசிக்கிறோமே, அதுதான் எங்களுக்கு மனசுக்கு ஒப்பல.

இன்னொன்னு சொல்றோம், யாரும் வருத்தப்படக் கூடாது. தங்கவயலுக்குப் போனவங்கள்ல பெரும்பாலானவங்க ஊர்க் கிணத்துல தண்ணி எடுக்கக் கூட விடாம ஒதுக்கி வச்ச சனங்க. அந்தக் காலத்துல அவங்களைக் கோயிலுக்குள்ளேயே விடல. 1939ல மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள்ள அவங்களைக் கூட்டிட்டுப் போனதே பெரிய போராட்டம். அப்படின்னா என்ன அர்த்தம்? தாலிக்கும் நகைக்கும் சாமிக்கும் தங்கம் எடுத்துக் கொடுத்தவன், அந்தச் சாமியைக் கிட்ட நின்னு பார்க்க முடியாம செத்துப் போயிருக்கான். ஆலயத் தொண்டு செய்றவங்க நாம. இதைத் தெரிஞ்சிக்காம கோயில் கோயிலா சுத்தினா அந்த யாத்திரை பாதிதான்.

1956ல மைசூர் அரசாங்கம் சுரங்கத்தை எடுத்துக்கிச்சு, 1962ல மத்திய அரசு கைக்குப் போச்சு, 1972ல பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் ஆச்சு. கடைசி காலத்துல ஒரு டன் கல்லை உடைச்சா சில கிராம் தங்கம்தான் தேறுச்சு. விக்கிற விலையை விட எடுக்கிற செலவு கூட. 2001 பிப்ரவரி 28ஆம் தேதி மூடிட்டாங்க. அதோட முடிஞ்சது.

ஊர் முடியல. அதைத்தான் நாம பார்க்கணும். மாரிக்குப்பத்துல இருந்து விடியக்காலையில ரயில் பெங்களூருக்குக் கிளம்புது. வேலைக்குப் போற கூட்டம் அதுல நின்னுக்கிட்டே போய், ராத்திரி அதே மாதிரி நின்னுக்கிட்டே திரும்பி வருது. ஜொகூர்க்காரங்களுக்கு இதை விளக்கிச் சொல்லணுமா என்ன? காலையில நாலு மணிக்கு மோட்டார் சைக்கிள எடுத்துக்கிட்டு சிங்கப்பூர் பாலத்துக்கு ஓடுற பிள்ளைங்க நம்ம வீட்லதானே இருக்காங்க. ராத்திரி எட்டு மணிக்கு வந்து சாப்பிட்டுப் படுக்கிற வாழ்க்கை நமக்குத் தெரியாததா?

முந்தின யாத்திரைக் குழு ஒன்னு அந்தப் பக்கம் போனப்ப டீ குடிக்க நாப்பது நிமிசம் அங்க நின்னுச்சு. எங்கள்ல சில பேர் அதுல இருந்தோம். டீக்கடையில ஒரு பெரியவர். சுரங்கத்துல இருந்து ஓய்வு பெற்றவர். மலேசியான்னு சொன்னதும் பெஞ்சுல இடம் விட்டு உக்காரச் சொன்னார். அவர் கேட்டது கோபுரத்தைப் பத்தி இல்ல, ரெட்டைக் கட்டடத்தைப் பத்தியும் இல்ல. "உங்க ஊர்ல தோட்டம் மூடினப்போ, இருந்த வீட்டை உங்களுக்கே கொடுத்தாங்களாப்பா?" அப்படின்னு கேட்டார். எங்க கூட வந்த ஒரு அக்கா, தோட்டத்து லயத்துல பிறந்து வளர்ந்தவங்க, செம்பனை போட்டு பிறகு வீடமைப்பு வந்து ரெண்டு தடவை இடம் மாறினவங்க. அவங்கதான் பதில் சொன்னாங்க. "இல்லீங்க ஐயா. சாமியை மட்டும் கையோட எடுத்துக்கிட்டு வந்தோம்." பெரியவர் ஒன்னும் பேசல. அக்கா கையைப் பிடிச்சிக்கிட்டார். டீக்குக் காசு வாங்கக் கூடாதுன்னு கடைக்காரர்கிட்ட சொல்லிட்டார்.

தங்கவயல்லயும் இருக்கிற வீடு தங்களுக்கே சொந்தமாகணும்னு வருஷக் கணக்கா கேட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க. பெரியவர் அதனாலதான் கேட்டார். கடல் தாண்டிப் போன சொந்தக்காரனுக்காவது கிடைச்சிதான்னு தெரிஞ்சிக்க ஆசை.

இப்ப எதிர்ப்பா வந்த கருத்துகளுக்கு வருவோம்.

ஒரு அண்ணன் எழுதியிருந்தார்: கஷ்டப்படுற சனங்களைப் பஸ்சுல போய் வேடிக்கை பார்க்கிறது அசிங்கம் இல்லையான்னு. இதுதான் வந்ததுலேயே நல்ல கேள்வி. வேடிக்கை பார்க்கப் போனா அசிங்கம்தான். நம்ம லயத்துக்கு முன்னால வெளியூர் பஸ் வந்து நின்னு படம் பிடிச்சிருந்தா நம்ம அப்பா சும்மா விட்டிருப்பாரா? அதனால சில விதி வச்சிக்கலாம்னு சொல்றோம்.

வீடுகளையும் ஆளுங்களையும் கேக்காம போன்ல படம் எடுக்கக் கூடாது. அரிசி பாக்கெட், பழைய துணி கொண்டு போய்க் கொடுத்துப் படம் பிடிக்கிற வேலையே வேண்டாம். அவங்க பிச்சை கேக்கல. மதியச் சாப்பாட்டை அந்த ஊர்க்காரங்க நடத்துற சின்ன மெஸ்ல முன்கூட்டியே சொல்லி வச்சி, உரிய காசைக் கொடுத்துச் சாப்பிடுவோம். பழைய சுரங்கத் தொழிலாளி ஒருத்தரை அரை மணி நேரம் பேசச் சொல்லி, வழிகாட்டிக்குக் கொடுக்கிற மாதிரியே மரியாதையா பணம் கொடுப்போம். அப்படிச் செஞ்சா அவருக்கு அது வேலை, நமக்கு அது பாடம்.

இன்னொரு கூட்டம் நம்ம இளைஞர்கள். அவங்களுக்குத் தங்கவயல்னா 2018ல வந்த கே.ஜி.எஃப் படம்தான். சயனைட் மேட்டுல ஏறி நின்னு செல்ஃபி எடுக்கணும்னு இப்பவே பேச்சு. தம்பிங்களா, தங்கச்சிங்களா, அந்தப் படத்துல வர்றது கற்பனைக் கதை. மலை மாதிரி நிக்கிற அந்த மேடு, கல்லை அரைச்சி சயனைட் போட்டுத் தங்கத்தைப் பிரிச்ச பிறகு கொட்டின கழிவு. காத்தடிச்சா அந்தத் தூசி ஊருக்குள்ள பறக்குது, அங்க இருக்கிற பிள்ளைங்க சுவாசிக்குது. அதுல ஏறி நின்னு ரெண்டு விரலைக் காட்டுறது நமக்கு அழகில்ல. மூடின சுரங்கத்துப் பக்கமும் யாரும் போகக் கூடாது. ஆபத்து, அனுமதியும் இல்ல. இதுல நாங்க கண்டிப்பா இருப்போம், பிறகு கோவிச்சுக்கக் கூடாது.

மூனாவதா, யாத்திரைன்னா சாமி மட்டும்தான், வரலாறு வேணும்னா தனியா போங்கன்னு ஒரு ஐயா சொன்னார். பெரியவர், மரியாதையோட ஒன்னு கேக்கிறோம். நம்ம ஆலயத்துப் பின்பக்கத்துல இருக்கிற முனீஸ்வரர் எந்தத் தோட்டத்துல இருந்து வந்தார்? யாரு தூக்கிட்டு வந்தாங்க? அங்க எந்த மரத்தடியில இருந்தார்? இன்னைக்கு நம்ம நிர்வாகத்துல இருக்கிற எத்தனை பேரால பதில் சொல்ல முடியும்? சாமியையும் சனங்க கதையையும் தனித்தனியா பிரிக்க முடியாது. மலாயாவுல கோயில் கட்டினது ராஜா இல்ல. பால்மரம் வெட்டினவன் சம்பளத்துல இருந்து ஒரு வெள்ளி ரெண்டு வெள்ளி கொடுத்துக் கட்டினான். தங்கவயல்லயும் லைனுக்கு ஒரு அம்மன், மாதா கோயில், பௌத்த சங்கம்னு அந்தச் சனங்களே எழுப்பினாங்க. அவங்க கதை தெரியாம போனா நம்ம முனீஸ்வரர் வெறும் சிலையாத்தான் தெரிவார்.

வெளிநாட்டுக்குப் போய்த்தான் இதைப் பார்க்கணுமான்னு கேட்டவங்களுக்கும் பதில் இருக்கு. நம்ம நாட்டுலேயே பகாங்ல ரவூப் இருக்கு. மாரான் மரத்தாண்டவரைக் கும்பிட பங்குனி உத்திரத்துக்கு வருஷா வருஷம் பகாங் போறோம். மேற்கால இன்னும் கொஞ்ச தூரம் போனா ரவூப். 1889ல இருந்து ஆஸ்திரேலிய கம்பெனி புக்கிட் கோமான்ல தங்கம் தோண்டின ஊர். நாம போனா டுரியான் வாங்கிட்டு வந்துடுறோம். அடுத்த வருஷ மாரான் பயணத்துல அங்கயும் நிக்கலாம். தங்கவயல்ல நின்னு பழகினா ரவூப்புல எதைக் கேக்கணும்னு நமக்கே தெரியும்: யாரு தோண்டினாங்க, எங்க இருந்தாங்க, மூடினப்ப எங்க போனாங்க?

கடைசியா எங்க வேண்டுகோள்.

ஸ்ரீபுரத்துல இருந்து தங்கவயல் வரைக்கும் பஸ்ல படம் போட வேண்டாம். வயசானவங்க ஒவ்வொருத்தரும் மைக்கைப் பிடிச்சி, தான் பிறந்த தோட்டத்தோட பேரு, அங்க இருந்த சாமி, ஆயாக்கொட்டகை, பெரட்டு, தோட்டம் மூடின வருஷம், இதைச் சொல்லட்டும். அஞ்சு நிமிசம் போதும். பிள்ளைங்க போன்ல பதிவு பண்ணட்டும். திரும்பி வந்த பிறகு அதை எழுதி ஆலயத்துல ஒரு புத்தகமா வைப்போம். இப்ப எண்பது வயசைத் தாண்டினவங்க குழுவுல நாலு பேர் இருக்காங்க. அடுத்த யாத்திரைக்கு நாலு பேரும் வருவாங்கன்னு யாரால சொல்ல முடியும்?

வர்ற ஞாயித்துக்கிழமை காலைப் பூஜை முடிஞ்சி அன்னதானத்துக்கு முன்னால மண்டபத்துல கூட்டம் வச்சிருக்கோம். பேர் கொடுத்தவங்க எல்லாரும் வாங்க. கை தூக்கச் சொல்லிக் கேப்போம். பெரும்பான்மை வேண்டாம்னா எடுத்துடுவோம், மனசுல ஒன்னும் வச்சிக்க மாட்டோம். வேணும்னா, அந்த ஊர் மெஸ்ல எத்தனை இலை போடணும்னு அன்னைக்கே கணக்கு எடுத்துச் சொல்லி அனுப்பணும். சைவம்தான், கவலைப்படாதீங்க. சேலை எடுக்கிற அக்காமார்களுக்காகக் காஞ்சிபுரத்துல மாலை நேரம் முழுசா அப்படியே இருக்கு, அதுல கை வைக்கல.

எல்லாருக்கும் இறைவன் அருள் கிடைக்கட்டும்.

ஆலயத் தொண்டர்கள்,
ஜொகூர்